உங்கள் ஒன்று, என் ஏழு

ஜூன் 3

அன்புள்ளவருக்கு,

நான் நலம். அத்தை நலம். நீங்கள் அனுப்பிய இலைகள்தான் நலமாக இல்லை.

பார்சலைப் பிரித்ததும் ஆய்வுக்கூடம் முழுக்க ஒரு வாடை. பக்கத்து மேஜைப் பெண் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தாள். மழையில் பறித்த இலையைத் துடைக்காமல் பிளாஸ்டிக் உறையில் திணித்து ஒட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா? மாணவர்களுக்கு இதையே பாடமாக நடத்துகிறவர் நீங்கள். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போன மாதம்தானே அனுப்பினேன்? அவற்றை என்ன செய்தீர்கள்? ஷூவுக்குள் போட்டிருப்பீர்கள். அழுகிய இலையிலிருந்து டி.என்.ஏ. வராது, நாற்றம்தான் வரும். மறுபடியும் பறித்து அனுப்புங்கள்.

போன் செய்து கேட்டிருப்பேன். போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, இனி கடிதம்தான் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறோம். நாம் சேர்ந்து எடுத்த முடிவு எனக்கு நினைவு தெரிந்து அது ஒன்றுதான். அதனால் அதை மதிக்கிறேன்.

செப்டம்பர் கருத்தரங்குக்கு உங்கள் ஓக் வரைபடத்தையும் என் செஸ்நட் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படமாக அச்சடிக்க வேண்டும் என்கிறார் இயக்குநர். "ஒரே குடும்பத்து மரங்க. எத்தனை யுகம் பிரிஞ்சு இருந்தாலும் உள்ளுக்குள்ள வரிசை மாறல பாருங்க" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறார். நீங்கள் மலையில், நான் நகரத்தில் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் இதைச் சொன்னதும் அத்தனை தலையும் என் பக்கம் திரும்புகிறது. அவர் வாயைத் தைத்துவிடலாம் போலிருக்கிறது எனக்கு.

நேற்று அத்தை கேட்டார்கள்: "ஆளுக்கொரு ஊர்ல உக்காந்துக்கிட்டு ரெண்டு பேரும் அப்படி என்னதான்டி செய்றீங்க?"

"உங்க பிள்ளை ஓக் மரத்தைப் பாக்கறார், நான் செஸ்நட் மரத்தைப் பாக்கறேன். ரெண்டு மரத்துக்குள்ளயும் பன்னிரண்டு பன்னிரண்டு அலமாரி இருக்குன்னு வெச்சுக்கங்க. எந்தச் சாமானுக்குப் பக்கத்துல எந்தச் சாமான் இருக்குன்னு தனித்தனியா படம் போட்டிருக்கோம். ரெண்டு படமும் ஒத்துப்போகுதான்னு பாக்கணும்."

"ஒத்துப்போகுதா?"

"அச்சு அசலா ஒத்துப்போகுது அத்தை."

"அப்புறம் எதுக்குச் சண்டை?"

"அலமாரிக்கு நம்பர் போடறதுல."

அத்தை தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அத்தைக்கு அலமாரி, நமக்குத் தொகுதி. உங்கள் ஒன்றாம் தொகுதி எனக்கு ஏழு. உங்கள் இரண்டு எனக்குப் பதினொன்று. நான்காவது மட்டும் தப்பித்தவறி இருவருக்கும் நான்கு. ஒரே படம் என்றால் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். என்னுடையது நீளத்தின்படி போட்டது, பார்த்தவுடனே யாருக்கும் புரியும். உங்களுடையதை மாற்றுங்கள்.

கடைசியாக ஒரு செய்தி. கடல் தாண்டி ஒரு மரப் பூங்காவில் பீச் மரங்களுக்கு வரைபடம் போட ஆள் தேடுகிறார்கள். நம் மரங்களுக்கு அதுவும் உறவுதான். மூன்று வருட வேலை. என்னை வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். செப்டம்பருக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் அபிப்பிராயத்தைச் சொன்னால் காதில் வாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
செஸ்நட் பிரிவு


ஜூன் 14

அன்புள்ள டாக்டரம்மா,

கடிதம் கிடைத்தது. திட்டும் கிடைத்தது. சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் ஷூவுக்குள் இல்லை. ஷூ அலமாரியில் இருந்தன. எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டேன்.

இங்கே விடாமல் மழை. மழை நிற்கட்டும் என்று காத்திருந்தால், "இன்னும் இலை வரவில்லை" என்று நீ எழுதுவாய். மழையில் பறித்து அனுப்பினால் அழுகிவிட்டது என்கிறாய். அடித்தாலும் குற்றம், அணைத்தாலும் குற்றம்.

எண் விஷயத்தில் நீ சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நீளத்தின்படி வரிசையாக நிற்க இது என்ன பள்ளிக்கூடப் பிரேயரா? நாளைக்கே உன் மூன்றாவது தொகுதியின் நுனியில் இன்னும் இரண்டு மரபணுக் குறி கிடைத்தால் அது நீண்டு இரண்டாவதாகிவிடும். அப்போது என்ன செய்வாய்? என்னுடையது கண்டுபிடித்த வரிசை. முதலில் கிடைத்தது ஒன்று. அது என்றைக்கும் மாறாது. கட்டுரைகளில் அச்சாகியிருக்கிறது. என் அறைச் சுவரில் பன்னிரண்டையும் பெயிண்டால் வரைந்தும் வைத்திருக்கிறேன். மாற்றுவதற்கில்லை.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கச் சொன்னால் தேய்க்க மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்துவிடு.

பீச் வேலை நல்ல வாய்ப்பு. யோசித்து முடிவெடு.

இப்படிக்கு,
ஓக் தோப்பு


ஜூன் 25

அன்புள்ளவருக்கு,

"யோசித்து முடிவெடு." இதை யாருக்கு எழுதினீர்கள்? நான் உங்களிடம் லீவு விண்ணப்பமா கொடுத்தேன்? கடிதத்தின் இரண்டு பக்கத்தில் ஒரு பக்கம் எண்ணுக்கு, அரைப்பக்கம் மழைக்கு, நாலு வரி உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு. நான் மூன்று வருடம் கடல் தாண்டிப் போவதற்கு ஒரே வரி. அதிலும் பாதி வாழ்த்து மடல்.

நீங்கள் மலைத் தோப்புக்கு மாற்றல் வாங்கியதை எனக்கு எப்போது சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? பெட்டி கட்டிய பிறகு. "நீ வேண்டாம்னுதான் சொல்லுவே. கேட்டு எதுக்கு உன்னைச் சங்கடப்படுத்தணும்னு விட்டுட்டேன்" என்றீர்கள். நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா? எனக்கே இன்றுவரை தெரியாது. என் பதிலையும் நீங்களே சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு நான் இந்த வீட்டிலேயே இருக்கிறேன் என்றதும் "கோவிச்சுக்கிட்டா" என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். ஆமாம், கோபித்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாமல் ஆரத்தியா எடுப்பேன்?

உங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "இவங்கப்பாவும் இப்படித்தான்" என்றார்கள். "எனக்குப் பிடிக்கும்னு வீடு முழுக்க நீலப் பெயிண்ட் அடிச்சு வெச்சார். ஆசையா செஞ்சிருக்காரேன்னு நானும் வாயைத் திறக்கல. எனக்கு நீலம் கண்டாலே ஆகாதுடி. அவர் இருந்தவரைக்கும் நீலத்துலயே குடியிருந்தேன்."

தைலம் தேய்த்துக்கொண்டுதான் இதைச் சொன்னார்கள். உங்கள் உத்தரவுப்படி பக்கத்தில் உட்கார்ந்துதான் தேய்த்தேன். உங்கள் உத்தரவு வருவதற்கு முன்பும் தேய்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எண்ணை மாற்றுங்கள். இலை அனுப்புங்கள். பீச்சைப் பற்றி மனிதர் எழுதுகிற மாதிரி ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
செஸ்நட் பிரிவு


ஜூலை 9

அன்புள்ள டாக்டரம்மா,

இத்துடன் இலைகள். காலை வெயிலில், ஈரம் காய்ந்த பிறகு பறித்தது. ஒவ்வொன்றும் தனித்தனிக் காகித உறையில், சிலிக்கா ஜெல்லோடு. இதிலும் குற்றம் கண்டுபிடித்தால் நீ கெட்டிக்காரி.

தோட்டக்காரர் கூடவே வந்து தொந்தரவு செய்தார். "டாக்டரம்மாவுக்குத்தானே சார் போகுது? நல்லா பெரிய இலையா பாத்துப் பறிங்க. இத்துனூண்டு கொழுந்தை அனுப்பினா என்ன நெனப்பாங்க?" இளசில்தான் டி.என்.ஏ. நன்றாக வரும் என்று எவ்வளவோ சொன்னேன். அவருக்குத் திருப்தியில்லை. ஒரு பெரிய இலையை அவரே பறித்து உள்ளே வைத்திருக்கிறார். அது ஆய்வுக்கு அல்ல, மரியாதைக்கு.

மேல்வரிசை மரங்களில் கம்பளிப்பூச்சி ஏறியிருக்கிறது. நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து உன் கடிதத்தைப் படித்தால், அங்கேயும் கம்பளிப்பூச்சி.

நான் கேட்கவில்லை, கேட்கவில்லை என்கிறாயே, நீ கேட்டாயா? நான் இங்கே வந்த மறுவாரமே அம்மா உன்னோடுதான் இருப்பாள் என்று நீயே முடிவு செய்தாய். "உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றாய். எனக்குச் சிரமம் என்று நான் சொன்னேனா? அம்மாவுக்காகக் கீழ்வீடு ஒன்று பேசி வைத்திருந்தேன், படியே கிடையாது. அதைச் சொல்லவே நீ இடம் கொடுக்கவில்லை. நீ அவளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாய். அதனால் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.

பீச்சைப் பற்றி மனிதர் எழுதுகிற மாதிரி எழுதச் சொன்னாய். போ என்றும் நான் எழுதவில்லை, போகாதே என்றும் எழுதவில்லை. இரண்டில் எதையும் எழுத எனக்கு உரிமை மிச்சமிருக்கிறதா என்று தெரியவில்லை. இவ்வளவுதான் எழுத வருகிறது.

எண்ணை மாற்ற மாட்டேன்.

இப்படிக்கு,
ஓக் தோப்பு


ஜூலை 28

அன்புள்ளவருக்கு,

இலைகள் அருமை. குற்றமே இல்லை. கெட்டிக்காரி பட்டம் எனக்கு வேண்டாம். தோட்டக்காரரின் பெரிய இலையைப் பார்த்து அத்தை, "இவராவது ஒழுங்கா அனுப்பினாரே" என்றார்கள்.

கீழ்வீடு விஷயம் எனக்குத் தெரியாது. முன்பே சொல்லியிருக்கலாம். சரி, விடுங்கள்.

இயக்குநரின் உதவியாளர், கணினிப் பையன் என்று எல்லோரும் கூப்பிடுவார்களே, அவர்தான் இரண்டையும் சேர்த்துப் படம் தயாரிக்கப் போகிறார். ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் உங்கள் தொகுதிகளை டிஸ்கில் நேராக அவருக்கே அனுப்பிவிடுங்கள். என்னுடையதை நானும் அனுப்புகிறேன். அச்சகத்திலிருந்து நேராகக் கருத்தரங்குக்கு வந்துவிடும்.

எண்ணைப் பற்றி இனி ஒரு வார்த்தை எழுத மாட்டேன். எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது.

இப்படிக்கு,
செஸ்நட் பிரிவு


ஆகஸ்ட் 6

அன்புள்ள டாக்டரம்மா,

டிஸ்க் போய்விட்டது. கம்பளிப்பூச்சி போகவில்லை. அதனால் கருத்தரங்குக்கு வர முடியாது. எண்ணைப் பற்றி நானும் எழுதவில்லை.

இப்படிக்கு,
ஓக் தோப்பு


செப்டம்பர் 12

தோப்பு அதிகாரி அவர்களுக்கு,

உங்களுக்குத் திருப்தியா?

காலையில் அச்சகத்திலிருந்து படம் சுருளாக வந்தது. சரிபார்க்க நேரமில்லை, கூட்டம் உட்கார்ந்துவிட்டது. இயக்குநர் தானே மேடையேறி, தானே சுவரில் மாட்டி, "இதோ பாருங்க, பிரிச்சாலும் பிரியாத உறவு!" என்று சொல்லிக்கொண்டே சுருளை விட்டார். அது கீழே விரிந்தது.

இடது பக்கம் உங்கள் பன்னிரண்டு ஓக். வலது பக்கம் என் பன்னிரண்டு செஸ்நட். நடுவில் ஒத்ததை ஒத்ததோடு இணைக்கும் கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் தாள். நான்காவது தொகுதிக்கும் நான்காவது தொகுதிக்கும் நடுவே மட்டும் நாலைந்து கோடு. மற்றபடி ஓக்குக்கும் செஸ்நட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஒன்றை ஒன்றோடு, இரண்டை இரண்டோடு மட்டும் சேர்க்கச் சொல்லியிருந்தாராம் இயக்குநர். குறுக்கே ஓடிய கோடுகளையெல்லாம் பிழை என்று நினைத்துக் கணினிப் பையன் துடைத்துப் போட்டுவிட்டார். நல்ல பிள்ளை, சொன்னதைச் செய்திருக்கிறார்.

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இது ரெண்டும் வேற வேற குடும்பம்னு காட்டறதுக்குப் போட்ட படமா?" என்று கேட்டார். கூடம் சிரித்தது. இயக்குநர் தண்ணீர் குடித்தார். ஒரு குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றது நான். "எண்ணில் ஏதோ குழப்பம்" என்று சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டது.

என்ன குழப்பம்? நான் என் தொகுதிகள் பன்னிரண்டையும் உங்கள் எண்ணுக்கே மாற்றித்தான் அனுப்பினேன். ஆமாம், மாற்றினேன். உங்களுக்குச் சொல்லவில்லை. படம் கைக்கு வந்ததும் நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தேன். என் ஏழாவதை ஒன்றாக்கினேன். கூடவே இருந்த பக்கத்து மேஜைப் பெண், "இத்தனை நாள் சண்டை போட்டுட்டு இப்ப ஏன் மேடம் மாத்தறீங்க?" என்றாள். "ஒருத்தராவது மாத்தணும்ல" என்றேன். அப்படியும் பொருந்தவில்லை என்றால் நீங்கள் எந்தப் பழைய குப்பையை டிஸ்கில் போட்டு அனுப்பினீர்கள்? ஒரு தடவை திறந்து பார்த்தீர்களா?

இன்று மாலையே பீச் வேலைக்குச் சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நவம்பர் கடைசியில் கிளம்ப வேண்டும்.

இப்படிக்கு,
அந்தக் குச்சியோடு நின்றவள்


செப்டம்பர் 20

அடியே டாக்டரம்மா,

யார் உன்னை மாற்றச் சொன்னது?

நான் பழைய குப்பை எதையும் அனுப்பவில்லை. உன் எண்ணுக்கு மாற்றி அனுப்பினேன். என் ஒன்றை ஏழாக்கினேன். ஜூலை முழுக்க எனக்கு அதுதான் வேலை. ஒவ்வொன்றாகப் பார்த்து, திரும்பச் சரிபார்த்து, கட்டுரைகளில் வந்ததற்கெல்லாம் தனியாகக் குறிப்பு எழுதி அனுப்பினேன். மாட்டேன், மாட்டேன் என்று உனக்கு எழுதிக்கொண்டே மாற்றினேன். கருத்தரங்கில் படத்தைப் பார்த்து நீ வாயைப் பிளக்க வேண்டும் என்று ஓர் ஆசை. பிளந்துவிட்டாய் போலிருக்கிறது.

சுவரில் இருந்த படத்துக்கும் வெள்ளையடித்தேன். தோட்டக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"நல்லா இருந்த படத்தை எதுக்கு சார் அழிக்கறீங்க? தப்பா?"

"தப்பில்ல."

"அப்புறம்?"

"வீட்ல ஒத்துக்கல."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன" என்று அவரே ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார்.

இப்போது புரிகிறதா? நீ என் எண்ணுக்குப் போனாய், நான் உன் எண்ணுக்கு வந்தேன். இருவருக்கும் ஒன்றாக இருந்த நான்காவது மட்டும் பிழைத்தது. மற்ற பதினொன்றும் அம்போ. நீ சும்மா இருந்திருந்தால் படம் சரியாக வந்திருக்கும். நான் சும்மா இருந்திருந்தாலும் வந்திருக்கும். நாமிருவரும் ஒரே நேரத்தில் நல்லவர்களானால் இந்தக் கதிதான்.

இயக்குநருக்கு விளக்கம் எழுதிவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது என்றுதான் எழுதியிருக்கிறேன். இதற்கும் சண்டைக்கு வராதே.

கையெழுத்துப் போட்டுவிட்டாய். மேலே ஓரத்தில் "வாழ்த்துகள்" என்று எழுதி அடித்திருப்பதைப் பார்த்திருப்பாய். அந்த வார்த்தையை எழுதினேன், மனசு வரவில்லை, அடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓக் தோப்பு


அக்டோபர் 1

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "வீட்ல ஒத்துக்கல" வரும்போது அவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. இந்த முறை உங்கள்மேல் மட்டும் இல்லை.

நாம் சண்டை போட்டதால் பிரியவில்லை. அதைத்தான் இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சண்டை போடுகிறவர்களுக்காவது எதிராளிக்கு என்ன வேண்டும் என்று தெரியும். நாம் அவரவர் மண்டைக்குள் ஒரு ஆளை வைத்துக் குடித்தனம் நடத்துகிறோம். உங்கள் மண்டைக்குள் இருக்கிறவள் மலை வேண்டாம் என்றாள், நீங்கள் என்னிடம் சொல்லாமல் போனீர்கள். என் மண்டைக்குள் இருக்கிறவருக்கு அம்மாவைப் பார்ப்பது சிரமம், நான் உங்களிடம் கேட்காமல் அத்தையை வைத்துக்கொண்டேன். கோபத்தில் செய்தாலும் கேட்பதில்லை, அன்பில் செய்தாலும் கேட்பதில்லை. மாற்றி மாற்றி விட்டுக்கொடுத்து, ஒரு நல்ல வரைபடத்தையே கூட்டத்தில் சந்தி சிரிக்க வைத்துவிட்டோம்.

நான் முதலில் எடுக்க நினைத்தது பீச் மரம். செஸ்நட் அல்ல. கல்யாணமான புதிதில், உங்கள் ஓக்கோடு ஒப்பிடச் செஸ்நட்தான் தோது, நாம் சேர்ந்து வேலை செய்யலாம் என்று நினைத்து மாற்றிக்கொண்டேன். உங்களிடம் கேட்டேனா? இல்லை. "எனக்குச் செஸ்நட்தான் பிடிக்கும்" என்று சொன்னேன். நீங்களும் நம்பிவிட்டீர்கள். இப்போது பீச் என்னைக் கூப்பிடுகிறது. சந்தோஷமாகத்தான் கையெழுத்துப் போட்டேன். கருத்தரங்கில் அவமானப்பட்ட ஆத்திரத்தில் போட்டதாக நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். அதையும் நீங்களாக முடிவு செய்துவிடுவீர்கள்.

இன்று மாலை அத்தையிடம் ஒன்று கேட்டேன். "நான் போனப்புறம் நீங்க எங்க இருக்கணும்னு ஆசைப்படறீங்க?" நீங்களும் நானும் இத்தனை நாளில் கேட்காதது. அத்தை தைலப் புட்டியை மூடி வைத்தார்கள். பிறகு, "எனக்கு இந்த வீடே போதும். கீழ்க்கடை இருக்கு, பேச நாலு பேர் இருக்காங்க. அவனை வாராவாரம் வந்து போகச் சொல்லு" என்றார்கள். இவ்வளவு சுலபம்.

உங்களிடம் நான் வேண்டுவதும் அதுதான். கிளம்புவதற்குள் என்னிடம் ஏதாவது கேளுங்கள். உத்தரவு வேண்டாம், தியாகம் வேண்டாம், யோசித்து முடிவெடு வேண்டாம். உங்களுக்கு நிஜமாகவே பதில் தெரியாத ஒன்றைக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மனைவி


அக்டோபர் 11

அன்புள்ள உனக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். கேள்வி கேட்பது எனக்கு வராத வித்தை. நான் கேட்பது எல்லாமே உத்தரவு மாதிரி வந்து நிற்கிறது. தோட்டக்காரரிடம் பழகிப் பார்த்தேன். "டீ போடலாமா?" என்று கேட்டேன். "ஏன் சார், உடம்பு சரியில்லையா?" என்று பயந்துவிட்டார்.

அம்மா வாராவாரம் வரச் சொல்லியிருக்கிறாள். வருவேன். இதைக் கேட்காமலே ஒத்துக்கொள்கிறேன், தப்பில்லையே?

உனக்குக் குளிர் ஆகாதே, அங்கே குளிர் எப்படி இருக்கும்? தங்குவதற்கு அறை கொடுக்கிறார்களா, நீயே தேட வேண்டுமா? பீச் மரத்தில் உனக்கு என்ன பிடித்தது? கல்யாணமான புதிதில் இதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தோன்றவில்லை என்று இப்போது தெரிகிறது, அது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

நான் மலைக்கு வந்தது மரத்துக்காகத்தான். ஆனால் நீ பின்னாலேயே வந்துவிடுவாய் என்று என் மண்டைக்குள் இருந்தவள் சொன்னாள். அவளை நம்பி இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டேன். ஒன்றில் இலை காயவைக்கிறேன்.

நான் சுற்றி வளைக்கிறேன். கேட்க வேண்டியதை இப்போது கேட்டுவிடுகிறேன். தோப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்ய முடியும், இயக்குநரிடம் பேசிவிட்டேன். நீண்ட விடுப்பு கிடைக்கும். அம்மாவிடமும் கேட்டேன், வாராவாரம் வராவிட்டாலும் பரவாயில்லை, முதலில் உன்னிடம் கேட்கச் சொன்னாள். நீ இல்லாமல் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. இதுவரையும் பிடிக்கவில்லை, இனிமேலும் பிடிக்காது.

நான் உன்னோடு வரட்டுமா?

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது.

அன்புடன்,
நான்


அக்டோபர் 19

அன்புள்ளவருக்கு,

குளிர் கடுமையாகத்தான் இருக்குமாம். கம்பளிக் கோட்டு வாங்கிவிட்டேன். அறை கொடுக்கிறார்கள், ஜன்னலைத் திறந்தால் மரங்கள்தானாம். பீச்சில் எனக்குப் பிடித்தது அதன் பட்டை. வயதானாலும் வெடிக்காமல் வழவழவென்று இருக்கும், கையை வைத்தால் எடுக்கத் தோன்றாது. இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை என்பதால் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

திருத்திய படம் வந்துவிட்டது. பன்னிரண்டும் நேருக்கு நேர், கோடு பிசகாமல் ஓடுகிறது. எந்த எண்ணை வைப்பது என்று இயக்குநர் என்னைக் கேட்டார், நான் அவரையே பூவா தலையா போட்டுப் பார்க்கச் சொன்னேன். முன்வரிசைப் பெரியவருக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டவில்லை. நான் மட்டும் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். இவ்வளவு அழகாகக் கேட்கத் தெரிந்த மனுஷர் இத்தனை நாள் வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள்? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அழுகையும் வருகிறது. அந்த நாற்காலியை ஏன் எழுதினீர்கள்?

வேண்டாம். வராதீர்கள்.

உங்கள்மேல் கோபத்தில் சொல்லவில்லை. உங்களுக்குச் சிரமமாக இருக்கும், தோப்பை விட்டு உங்களால் இருக்க முடியாது என்றெல்லாம் உங்களுக்காக யோசித்தும் சொல்லவில்லை. எனக்காகச் சொல்கிறேன். இத்தனை வருடம் உங்கள் மரத்துக்குப் பக்கத்தில் வைக்கத் தோதாக என் மரத்தை வளர்த்தேன். நீங்கள் வந்தால் மறுபடியும் அதையே செய்வேன், நீங்கள் கேட்காமலே செய்வேன், என்னை எனக்குத் தெரியும். இந்த மூன்று வருடம் பக்கத்தில் எதையும் வைத்துப் பார்க்காமல் ஒரு மரத்தைப் பார்க்க வேண்டும். பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது.

கிளம்புகிற அன்று வழியனுப்ப வாருங்கள். அத்தைக்கும் துணை வேண்டும், எனக்கும் உங்களைப் பார்க்க வேண்டும். பெட்டி தூக்குங்கள், டீ வாங்கிக் கொடுங்கள், கம்பளிப்பூச்சியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் இன்னொரு முறை கேட்டுவிடாதீர்கள். சரி என்று சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
நான்